ரோசம்மாவுக்குப் போட்ட அம்புக்குறி

பாஸ்டர், ஆராதனைக்கு வராதவர்கள் என்று நீங்கள் சபைப் பலகையில் ஒட்டியிருக்கும் பட்டியலில் ரோசம்மா பெயர் இருப்பது பொய்.

தெரிந்தே பொய் எழுதினீர்கள் என்று நான் சொல்லவில்லை. கம்ப்யூட்டர் சொன்னதை நம்பி எழுதினீர்கள். ஆனால் கம்ப்யூட்டர் கையெழுத்துப் போடாது. போட்டது நீங்கள். பட்டியலை ஒட்டிய அதே ஞாயிற்றுக்கிழமை ஒரு பிரசங்கமும் செய்தீர்கள். அதை இந்தச் சபைப் பத்திரிகையிலும் அச்சடித்திருக்கிறீர்கள். ஐந்தாம் சங்கீதம், ஏழாம் வசனம். கர்த்தருடைய வீட்டுக்குள் வருவேன் என்று தாவீது சொல்கிறான், அதனால் உள்ளே வருகிறவனே ஆராதிக்கிறவன், போனில் பார்க்கிறவன் வேடிக்கை பார்க்கிறவன் என்று விளக்கினீர்கள். நல்ல குரல் உங்களுக்கு. மைக்கை விழுங்குகிற மாதிரி பிடித்தாலும் ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாகக் கேட்டது. அதனால்தான் சொல்கிறேன், அந்த வசனத்தில் நீங்கள் பாதியைத்தான் வாசித்தீர்கள்.

மீதிப் பாதியைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. அந்த வசனத்தோடு நான் பட்ட பாடு உங்கள் வயதை விட மூத்தது.

என்னைத் தெரியாதவர்களுக்கு: நான் ரிட்டயர் ஆன உபதேசியார். பாஸ்டருக்குக் கீழே, ஊர் ஊராகச் சைக்கிளில் போய் ஜெபம் நடத்தி, அடக்கம் செய்து, சண்டை விலக்கி, வருகைப் பதிவு எழுதுகிறவனுக்கு அந்தப் பெயர். நாராயணவனத்துப் பக்கம் எங்கள் காலனி, ஏர்பேட்டுப் பக்கம் இரண்டு ஊர், ஆக மூன்று சபை. இரண்டு வருஷம் பயிற்சி கொடுத்தார்கள். மைக் இல்லாமல் கத்தவும், தெலுங்கில் ஜெபிக்கவும், யார் வீட்டிலும் இரண்டாவது காபி வாங்காமல் எழுந்திருக்கவும் அங்கே கற்றுக்கொண்டேன். மற்றதெல்லாம் சித்தூரில்.

சித்தூரில் எனக்கு மேலே இருந்த போதகரை எல்லாரும் ஐயகாரு என்போம். ஒவ்வொரு மாதமும் முதல் வியாழக்கிழமை, புத்தூரில் பஸ் ஏறி, வருகைப் பதிவு ரிஜிஸ்டரைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு அவர் முன்னால் போய் நிற்க வேண்டும். ரிஜிஸ்டர் எழுதுவதற்கு முறை இருந்தது. இரண்டாம் பாட்டு முடிந்ததும் வாசல் ஓரம் நின்று பென்சிலால் குறிக்க வேண்டும். வந்தவருக்கு டிக். படுத்திருப்பவருக்குப் புள்ளி. வராதவருக்கு வெறும் கட்டம். ஆராதனை முடிந்தபின் மையால் எழுத வேண்டும். பாதியில் எழுந்து போனவனுக்குப் பென்சில் டிக்கை அழித்துவிடலாம், அதற்காகத்தான் பென்சில்.

ஐயகாரு டிக்கைப் பார்க்க மாட்டார். வெறும் கட்டத்தைத்தான் பார்ப்பார். விரலை வைத்து, "ஏமப்பா, இவன் ஏன் வரல?" என்பார். காரணம் தெரிந்திருக்க வேண்டும். "தெரியலிங்க ஐயா" என்றால் ரிஜிஸ்டரை மூடி என் பையில் அவரே போட்டுவிடுவார். திட்ட மாட்டார். "கனுக்கோனி ரா" என்பார், போய்த் தெரிந்துகொண்டு வா என்று. காபி உள்ளே கலந்து வாசனை வந்துகொண்டிருக்கும். ரிஜிஸ்டர் முடிந்தால்தான் காபி. முதல் வருஷத்தில் அந்த வீட்டில் நான் குடித்த காபியை விட முகர்ந்த காபி அதிகம்.

இப்போது ரோசம்மா.

எங்கள் காலனியில் கோயில் என்று இருந்தது ஓலைக் கொட்டகை. ஒரு மழையில் அது படுத்துவிட்டது. புதிதாகக் கல் கட்டடம் கட்ட முடிவாகி, முளை அடித்து, கயிறு கட்டி, சுண்ணாம்புப் பொடியால் தரையில் கோடு போட்டேன். கிழக்கே கதவு, மேற்கே பீடம். அன்றைக்குப் பக்கத்தில் நின்று சுண்ணாம்பு டப்பாவை எடுத்துக் கொடுத்தவள் ரோசம்மா. மறுநாள் குவைத்துக்கு விமானம் ஏறினாள், ஒரு வீட்டில் சமையல் வேலைக்கு. அப்போது எங்கள் பக்கம் வாரத்துக்கு ஒருத்தி அப்படிப் போய்க்கொண்டிருந்தாள். கம்பெனிகள் வருகின்றன, ரோடு அகலமாகிறது, எல்லாருக்கும் வேலை என்று பேப்பர்காரன் எழுதினான். வேலை வந்தது உண்மைதான், குவைத்தில்.

அவள் புருஷன் முனிரத்தினம் இந்து. புரட்டாசியில் நாமம் போட்டுத் திருப்பதி மலைக்கு நடந்து போகிறவன். கிறிஸ்துமஸுக்கு எங்களோடு உட்கார்ந்து பிரியாணியும் துன்னுவான். அவன்தான் ஒரு நாள் டேப் ரிக்கார்டரைத் தூக்கிக்கொண்டு வந்தான். அவள் கடிதம் எழுதத் தெரியாதவள், கேசட்டில் பேசி, லீவில் வருகிறவர்களிடம் கொடுத்தனுப்புவாள்.

"உபதேசியாரே, தோத்திரம்," என்றது கேசட். "நான் நல்லா கீறேன். இங்க வீட்டுக்காரம்மா அஞ்சு வேளையும் ஒரே பக்கம் பாத்துத் தொழுவுறாங்க. உனக்கு எந்தப் பக்கம்னு என்னியக் கேட்டாங்க. எனக்குத் தெரியல, வெக்கமாப் பூட்ச்சி. வெளிய எங்கியும் வுடமாட்டாங்க, கோயிலுக்குப் போவ முடியாது. கிச்சன்லதான் முட்டி போடறேன். நமக்கு எந்தப் பக்கம், சொல்லுங்க."

நமக்குப் பக்கம் கிடையாது, எங்கும் இருக்கிறார் என்று சொல்லியிருக்கலாம். எந்த உபதேசியாரும் அதைத்தான் சொல்வான். ஆனால் அவள் கேட்டது அது இல்லை. தேடினேன், அந்த ஏழாம் வசனம் கிடைத்தது. உம்முடைய கிருபையால் உமது வீட்டுக்குள் வருவேன் என்பது முதல் பாதி. உமது ஆலயத்துக்கு நேரே பயத்தோடு பணிவேன் என்பது மறு பாதி. நேரே! பக்கம் இருக்கிறது! பள்ளிக்கூடத்தில் அட்லஸ் இரவல் வாங்கி, ஸ்கேல் வைத்து, குவைத்திலிருந்து எருசலேமுக்குக் கோடு போட்டேன். மேற்கே பார்த்து, கொஞ்சம் வடக்கே சாய்ந்து முட்டி போடு என்று அதிகாரமாக ஒரு கேசட் பேசி அனுப்பினேன். எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்தது.

கோடு போடும்போது முனிரத்தினம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். "இதுல இன்னா கஷ்டம் உபதேசியாரே? எங்க நைனாவ எங்க ஊரு பெரிய கோயில்ல உள்ள வுட மாட்டாங்க. தேரடில நின்னுக்கினு கோபுரத்துக்கு நேரா ஒரு கும்புடு. அவ்ளோதான். சாமிக்குத் தெரியாதா இவன் யாருன்னு?"

"வேதத்தையும் அதையும் சேக்காத," என்று சீறினேன். என் நைனாவும் அதே தேரடியில் நின்றவர்தான். அது அப்போது எனக்கு ஞாபகம் வரவில்லை. வந்திருந்தால் அட்லஸ் வாங்கியிருக்க மாட்டேன்.

இரண்டு மாதம் கழித்து அடுத்த கேசட். முனிரத்தினம் வீட்டில் போட்டோம். "உபதேசியாரே, நீங்க சொன்ன பக்கம் பாத்தேன்," என்றாள். "அந்தப் பக்கம் கக்கூஸ் கீது. கதவு வேற சரியா சாத்தாது."

முனிரத்தினம் தரையில் விழுந்து சிரித்தான். "எம்பொண்டாட்டிய கக்கூசுக்கு முட்டி போட வெச்சிட்டீங்களே உபதேசியாரே! இதுக்கா இஸ்கேலு வெச்சி கோடு போட்டீங்க?" அவன் சிரிப்பில் கேசட்டையும் நிறுத்திவிட்டான். எனக்கு வந்த கோபத்தில் டேப் ரிக்கார்டரோடு எடுத்துக்கொண்டு, அந்த வியாழக்கிழமை சித்தூருக்குப் போனேன். ஐயகாருவே தீர்த்து வைக்கட்டும்.

அவர் கேட்டார். சிரிக்கவில்லை. சிரிப்பை அடக்குவதற்காக மூக்குக் கண்ணாடியைக் கழற்றி இரண்டு முறை துடைத்தார். பிறகு ரிஜிஸ்டரைத் திறந்தார். ரோசம்மா பெயருக்கு நேரே வரிசையாக வெறும் கட்டம். "ஏன் வரல?" என்றார்.

"குவைத்ல இருக்கா ஐயா. இப்பத்தான கேட்டீங்க?"

"சரே. வசனத்துக்கு வருவோம்." நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் பாடம் எடுக்கும் உட்காருதல் அது. "தாவீது இதைப் பாடினப்ப ஆலயமே கிடையாது. வெறும் கூடாரம். ஆலயத்தைக் கட்டினது அவன் மகன். இல்லாத ஆலயத்துக்கு நேரே பணிவேன்னு பாடறான். அதனால இது தீர்க்கதரிசனம். ராசுக்கோ."

எழுதிக்கொண்டேன். எழுதிவிட்டு, "அப்ப அந்தப் பொண்ணு எந்தப் பக்கம் ஐயா முட்டி போடணும்?" என்றேன்.

யோசித்தார். "அதுக்கு என் நோட்ஸ்ல ஒண்ணும் இல்லப்பா," என்றார். அவரைப் பற்றி எனக்குப் பிடித்தது அதுதான். தெரியாததைத் தெரியாது என்பார், காபி மட்டும் கொடுக்க மாட்டார்.

"கேசட்ல மிச்சம் இருக்கா?" என்று கேட்டார். இருந்தது. நாங்கள் கேட்காமல் விட்ட பாதி. பட்டனை அழுத்தினேன்.

"...அதனால நானே ஒரு பக்கம் வெச்சிக்கினேன் உபதேசியாரே. தப்பா ரைட்டா தெரியல. நம்ம ஊரு எந்தப் பக்கம்னு டிரைவரக் கேட்டேன், ஃபிரிட்ஜ் பக்கம் காட்டினாரு. நீங்க சுண்ணாம்புல கோடு போட்டீங்களே, அந்தக் கோயிலு. இந்நேரம் கட்டிட்டிருப்பீங்க. கெழக்குக் கதவுகிட்ட செருப்ப வுட்டுட்டு உள்ள வருவேன். வலது பக்கம் செவுரு ஓரமா குந்திக்குவேன். அங்கேந்து பீடத்துக்கு நேரா முட்டி போடுவேன். வெள்ளிக்கெழம வேல கம்மி, அன்னிக்கு மட்டும் பாட்டும் பாடுவேன், சத்தமில்லாம. நீங்க ஞாயித்துக்கெழம பாடறீங்க, நான் வெள்ளிக்கெழமையே வந்துட்டுப் போயிடறேன், அவ்ளோதான்."

கேசட் ஓடி முடிந்து டக்கென்று நின்றது. ஐயகாரு என்னைப் பார்த்தார்.

"கட்டிட்டியா?"

"இல்லிங்க ஐயா."

"சுவர்?"

"இல்ல. மழைல கோடும் போயிடுச்சி. ஆடு மேயுது."

"அவகிட்ட சொன்னியா?"

சொல்லவில்லை. ஒன்றரை வருஷமாகச் சொல்லவில்லை. ஏன் கட்டவில்லை என்றால், கமிட்டியில் பாதிப் பேருக்குக் கதவு ரோட்டைப் பார்த்து இருக்க வேண்டும். ரோடு அகலமாகிறது, திருப்பதி போகிற பஸ்ஸெல்லாம் பார்க்கும், நமக்கும் ஒரு கெத்து என்றார்கள். மீதிப் பேருக்குக் கிழக்கேதான் வேண்டும். செங்கல் இறக்கியாகிவிட்டது, கதவுச் சண்டையில் ஒரு செங்கல்லும் ஏறவில்லை. இதை எந்த வாயால் கேசட்டில் பேசுவது?

ஐயகாரு அந்த வெறும் கட்டங்களில் ஒவ்வொன்றாக விரலை வைத்துக்கொண்டு போனார். "நான் இருபது வருஷமா இந்த வசனத்தை நோட்ஸ் பார்த்துச் சொல்லிக்கிட்டு இருக்கேன்," என்றார். "இல்லாத ஆலயத்துக்கு நேரே. அந்தப் பொண்ணு அப்படித்தான் பண்ணிக்கிட்டு இருக்கா. இல்லாத கதவுல செருப்பு வேற விடறா." பிறகு பென்சிலை எடுத்து என்னிடம் கொடுத்தார். "இந்தக் கட்டம் வெறுமையா இருக்கக் கூடாது. டிக் போட்டா பொய். ஒரு கோடு போடு. அதுக்கு மூக்கு வை. எந்தப் பக்கம் பாத்துக்கிட்டு இருக்கான்னு தெரியட்டும்."

அப்படிப் பிறந்ததுதான் அம்புக்குறி. அன்று காபி வந்தது. ஆறிப்போயிருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவரே காலனிக்கு வந்தார். என்னைத் திரும்பச் சுண்ணாம்புக் கோடு போடச் சொன்னார். போட்டேன். கிழக்கே கதவு என்று விட்டிருந்த இடைவெளியில் செருப்பைக் கழற்றிவிட்டு, கோட்டுக்குள்ளே போய் நின்றார். கமிட்டிக்காரர்கள் ரோட்டுப் பக்கமிருந்து நேரே கோட்டைத் தாண்டி வந்தார்கள். "ஏமய்யா, செவுத்துல முட்டிக்கினு வர்றியே! கதவு அங்க," என்று ஐயகாரு கையைக் காட்டினார். பெரிய மீசை வைத்த மனிதர்கள், ஆடுகளுக்கு நடுவே, இல்லாத சுவரைச் சுற்றிக்கொண்டு கிழக்கே போய், செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார்கள். அங்கே கேசட்டைப் போட்டார். அது முடிந்ததும், "கதவு எந்தப் பக்கம்னு இன்னும் சண்டை இருக்கா? அந்தக் கதவுல ஏற்கெனவே ஒரு ஆளு போய் வந்துக்கினு இருக்கு," என்றார். சண்டை முடிந்தது. அந்த வருஷமே கூரை ஏறியது.

நான் உண்மையைக் கேசட்டில் சொல்லி அனுப்பினேன், கட்டவில்லையம்மா, இப்போதுதான் கட்டப் போகிறோம் என்று. ரோசம்மா பதிலில் முதலில் சிரிப்புத்தான் கேட்டது. "அப்ப உள்ள மொதல்ல போனவ நான்தான். கல்வெட்டுல என் பேரு போடுங்க," என்றாள். நாங்கள் கல்வெட்டில் கமிட்டிக்காரர்கள் பெயரைப் போட்டோம். அதற்கும் எனக்கு வெட்கம் உண்டு.

அம்புக்குறியை ஐயகாரு சும்மா கொடுக்க விடவில்லை. மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது கேசட்டோ, கடிதமோ, போனோ வர வேண்டும். ஜெபிக்கிறாயா, எங்கே, எப்போது என்று நான் கேட்டிருக்க வேண்டும். பெங்களூருக்குப் போன ஒருத்தன் எனக்கும் அம்பு போடுங்க என்றான். எந்தப் பக்கம் பார்த்து முட்டி போடுகிறாய் என்றேன். "டிவி பக்கம்" என்றான். வெறும் கட்டம்தான் போட்டேன். ஆனாலும் அம்புகள் பெருகின. குவைத், பஹ்ரைன், பெங்களூர், திருப்பூர், தடாப் பக்கம் கம்பெனி ஹாஸ்டல். ஒரு வருஷம் ஒரே பக்கத்தில் டிக்கை விட அம்பு அதிகமாக இருந்தது. "ஏமப்பா, ரிஜிஸ்டரா இது, போர்க்களமா?" என்றார் ஐயகாரு. அதுதான் அவரோடு நான் கடைசியாகச் சிரித்தது. அடுத்த மழைக்காலத்தில் அவரை அடக்கம் செய்தோம்.

ரோசம்மா இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு முறை லீவில் வருவாள். அப்போது டிக். போனதும் அம்பு. அந்த முதல் அம்பிலிருந்து நான் ரிட்டயர் ஆகும் வரை அவள் பெயருக்கு நேரே ஒரு கட்டமும் வெறுமையாக இல்லை.

இனி என் தப்பு. மறைக்க மாட்டேன். என் பிரிவு உபசாரத்தில் எனக்கு ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தீர்கள், பாஸ்டர். அதன் நடுவில் ஒரு படம் இருந்தது. என் படம் இல்லை, உங்கள் படம். இப்போதும் அது என் வீட்டில் ஓடுகிறது, மணி பார்க்கும்போதெல்லாம் நீங்கள் சிரிக்கிறீர்கள். அந்தக் கோபத்தில் ரிஜிஸ்டரை மேசையில் வைத்துவிட்டு ஒரு வார்த்தை சொல்லாமல் வந்துவிட்டேன். பிறகு அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றிய பெண் எனக்குப் போன் செய்தாள். "அங்கிள், இந்த அம்பு மார்க்குன்னா இன்னா? கம்ப்யூட்டர்ல பிரசென்ட், ஆப்சென்ட் ரெண்டுதான் இருக்கு." நான் சொன்ன பதில்: "உங்க பாஸ்டரையே கேளு. அவருக்குத்தான் எல்லாம் தெரியுமே." போனை வைத்துவிட்டேன். அந்தப் பெண் பாவம், எல்லா அம்பையும் ஆப்சென்ட் என்று ஏற்றிவிட்டாள். அவள் கேட்டபோது ஒரு நிமிடம் செலவழித்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலையில்லை.

ரோசம்மா உடம்பு முடியாமல் திரும்பி வந்து, திருப்பதியில் மகள் வீட்டில் படுத்திருக்கிறாள். இரண்டு மாடி ஏறிப் பார்த்து வந்தேன். முனிரத்தினம் வாசலிலேயே பிடித்துக்கொண்டான். "வாங்க உபதேசியாரே. இஸ்கேலு கொண்டாந்தீங்களா?" என்றான். பல் போய்விட்டது, வாய் போகவில்லை.

கட்டில் அறையின் குறுக்கே கோணலாகக் கிடந்தது. மகள் அலுத்துக்கொண்டாள்: "ஃபேனுக்கு நேரா போடறேன்னா கேக்க மாட்டேங்கறாங்க. நம்ம ஊர்க் கோயிலு இந்தப் பக்கம்தான்னு கட்டிலத் திருப்பிக்கினாங்க. காத்தே வராம வேர்த்துக்கினு படுத்துக்கினு கீறாங்க."

ரோசம்மா தலையணைக்கு அடியிலிருந்து போனை எடுத்து உங்கள் பட்டியலைக் காட்டினாள். யாரோ போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். "என் பேரு போட்டுட்டாங்களே உபதேசியாரே," என்றாள். "கல்வெட்டுல கேட்டேன், இதுல போட்டுட்டாங்க." சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை. "கோயிலுக்குப் பின்னால கல்லறத் தோட்டத்துல எனக்கு எடம் கெடைக்காதாமே. பட்டியல்ல கீறவங்களுக்குக் கெடையாதாம். அப்ப இத்தினி வருஷமா நான் எங்க வந்துட்டுப் போனேன்?"

ஐயகாரு சொன்னதுதான் எனக்கும் வாயில் வந்தது, நோட்ஸில் ஒன்றும் இல்லை. ஆனால் பதில் உங்களிடம் இருக்க வேண்டும், பாஸ்டர். நீங்கள்தான் கையெழுத்துப் போட்டவர்.

பழைய ரிஜிஸ்டர்கள் உங்கள் அலமாரியின் கீழ்த்தட்டில் இருக்கின்றன. எடுத்துப் பாருங்கள். ரோசம்மா மட்டும் இல்லை, அந்தப் பட்டியலில் பாதிப் பேருக்கு அம்பு இருக்கிறது. எது உண்மையான அம்பு, எது டிவிப் பக்கம் என்று கேட்டால் நான் வந்து உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். காபி வேண்டாம்.

என் வீட்டுக்கு வந்து தனியாக விளக்கம் சொல்ல வேண்டாம். கமிட்டி பேசி முடிவு செய்யும் என்று சொல்ல வேண்டாம், கமிட்டி கதவுக்கே ஒன்றரை வருஷம் எடுத்தது. பொய்யைச் சபைப் பலகையில் ஒட்டினீர்கள், பதிலும் சபைக்கு நடுவிலிருந்து வர வேண்டும். வரும் ஞாயிற்றுக்கிழமை கிழக்குக் கதவில் செருப்பைக் கழற்றும்போது, அந்தக் கதவு யாருக்காக அங்கே இருக்கிறது என்று ஒரு நிமிடம் நில்லுங்கள். பிறகு பீடத்துக்குப் போய், மைக்கைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து, ஏழாம் வசனத்தை முழுசாக வாசியுங்கள். இரண்டு பாதியையும். வாசித்துவிட்டு எல்லாரும் கேட்கச் சொல்லுங்கள்: ரோசம்மா ஆராதனைக்கு வந்தாளா, வரவில்லையா?

கேமராவைப் பார்த்துச் சொல்லுங்கள். திருப்பதியில் அவள் இந்தப் பக்கம் பார்த்தபடி படுத்திருப்பாள்.